வாரத்துக்கு நாற்பது பனியன்

பனியன் சிறு முதலாளிகளின் சங்கம் ஒன்று 2006இல் வெள்ளி விழா மலர் போட்டது. அதன் எழுபத்து நான்காம் பக்கத்தில் சபாரி அணிந்த ஒருவர் கேமராவை நம்பாமல் பார்த்துக்கொண்டிருக்கிறார். படத்துக்குக் கீழே இப்படி இருக்கிறது: "திரு. ப. மகுடேஸ்வரன். வயது 47. பட்டதாரி. ஏற்றுமதியாளர். நிதி நிர்வாகத்தில் வல்லவர். தொழிலாளர்களைத் தம் பிள்ளைகளாகப் பாவிப்பவர்."

வயது சரி. ஒன்பதாம் வகுப்பில் கணக்குப் பாடத்தில் இரண்டு முறை தவறி, பள்ளிக்கூடத்துக்கும் தமக்கும் ஒத்துவராது என்று அவர் விட்டுவிட்ட படிப்புக்கு மலர்க்குழு கொடுத்த மரியாதைதான் பட்டம். ஏற்றுமதி என்பது சிங்கப்பூரில் இருக்கும் மச்சினனுக்கு ஒருமுறை தபாலில் போன ஒரு டஜன் ஜட்டி. நிதி நிர்வாகத்தையும் பிள்ளைப் பாசத்தையும் பற்றி இனிமேல் சொல்வதுதான்.

திருப்பூர் ஊத்துக்குளி ரோட்டிலிருந்து ஒரு கிலோமீட்டர் உள்ளே, மாட்டுக் கொட்டகையாக இருந்த இடத்தில் அவருக்குப் பன்னிரண்டு தையல் மெஷினும் ஒரு கட்டிங் மேஜையும் இருந்தன. பக்கத்தில் அப்பன் காலத்துத் தென்னந்தோப்பு. ஒரு வண்டிக் காயைச் சுற்றி வந்து இரண்டைத் தட்டிப் பார்த்து, எத்தனை கிலோ கொப்பரை தேறும் என்று சொல்லுவார். உடைத்து உலர்த்தி நிறுத்தால் இரண்டு கிலோகூட முன்பின் இருக்காது. இதே மனிதர் பனியனில் கால் வைத்ததும் சதவீதத்தைப் பேப்பரில் போட ஆரம்பித்தார்.

அதுவரை அடுத்தவர் துணிக்குக் கூலிக்குத் தைத்துக்கொண்டிருந்தவர், 2003 தை மாதம் சொந்தத் துணி போட்டார். வாரம் ஆயிரம் பனியன் கொடுப்பதாக ஈரோட்டு வியாபாரியிடம் பேச்சு. பனியன் ஒன்று நூறு கிராம். ஆயிரத்துக்கு நூறு கிலோ. சலவைக்குப் போன துணி வெளுத்து வரும்போது எடை குறையும். மேஜையில் கழுத்தும் கையும் வெட்டும்போது துண்டு விழும். இரண்டும் சேர்ந்து இருபது சதவீதம் என்பது திருப்பூரில் டீக்கடைக்காரருக்கும் தெரியும். நூறோடு இருபதைக் கூட்டி நூற்றிருபது கிலோ துணி எடுத்தார். சலவையில் போனது தண்ணீரோடு போயிற்று. வெட்டில் விழுந்ததை வேஸ்ட் வியாபாரி மூட்டைக்கு இவ்வளவு என்று கொடுத்துத் தூக்கிப்போனார். எதையும் யாரும் நிறுத்துப் பார்த்ததில்லை.

வியாழக்கிழமை பனியனை எண்ணினார்கள். தொள்ளாயிரத்து அறுபது இருந்தது.

அடுத்த வியாழனும் அதேதான். ஒரு வாரம் இரண்டு கூடும், ஒரு வாரம் மூன்று குறையும். சுற்றி வந்து நாற்பதில் நிற்கும். ஆறு மாதம் பொறுத்தார். ஆடியில் கட்டிங் மாஸ்டரைக் கூப்பிட்டார்.

கட்டிங் மாஸ்டர் சுடலை சங்கரன்கோவில் பக்கம். மனைவி கருத்தம்மாவும் அதே கொட்டகையில் பனியன் மடித்துக்கொண்டிருந்தார். கத்தரி போடும்போது சுடலை பேசமாட்டார். போடாதபோதும் அதிகம் பேசமாட்டார். முதலாளி கண்ணில் அது ஒரு குறையாகவே பட்டுவந்தது.

"சுடலை, நாப்பது எங்கப்பா?"

"எது முதலாளி?"

"ஆயிரத்துல நாப்பது. வாரா வாரம் நாப்பது. கால் முளைச்சு நடந்தா போகுது?"

சுடலை யோசித்தார். "துணி உள்ள வாரப்ப ஒருக்க நிறுப்போம். வெட்டுன பொறவு ஒருக்க. விழுந்த துண்டையும் மூட்டையோட தராசுல தூக்கி வச்சிருவோம். எங்க போகுதுன்னு தெரிஞ்சிரும்லா."

"கந்தலை நிறுக்கச் சொல்றியா? எனக்கு வேற பொழப்பு இல்லையா?"

கந்தலை நிறுத்திருந்தால் அன்று மாலைக்குள் எல்லாம் முடிந்திருக்கும். நிறுக்கச் சொன்னவன் எதையோ மறைக்கத்தான் சொல்கிறான் என்று முதலாளிக்குப் பட்டது. அந்த வெள்ளிக்கிழமை எல்லோரையும் கருப்பராயன் கோயிலுக்கு வரச் சொன்னார்.

சூடம் அணைத்துச் சத்தியம் செய்வதில் அந்தப் பக்கத்தில் ஒரு நியாயம் உண்டு. சத்தியம் செய்தவனை அதன்பின் யாரும் எதுவும் கேட்கக் கூடாது; தீர்ப்பைச் சாமியிடம் விட்டாயிற்று. சுடலை எரிகிற சூடத்தின்மேல் உள்ளங்கையை வைத்து அமுக்கினார். "ஒரு நூல் எடுக்கலை" என்றார். புகை அடங்கியது. மகுடேஸ்வரன் வழக்கத்தை எழுத்துக்கு எழுத்து மதித்தார். சுடலையிடம் அதன்பின் ஒரு கேள்வி கேட்கவில்லை. திங்கட்கிழமையிலிருந்து வேலைக்கு வரவேண்டாம் என்று மட்டும் ஆள்விட்டுச் சொன்னார்.

திருப்பூரில் ஆயிரக்கணக்கான கம்பெனிகள் இருந்தன. துணி திருடியவன் என்ற பேச்சுக்கு முன்னால் அவை எல்லாம் ஒரே கம்பெனி. சுடலைக்கு எந்த மேஜையும் கிடைக்கவில்லை. லாரியில் துணிப் பேல் ஏற்றும் சுமை வேலைக்குப் போனார். அடுத்த வருஷம் ஐப்பசியில் வாதம் அடித்தது. முதலில் விழுந்தது வலது கை. டாக்டர் ரத்தக்கொதிப்பு என்றார். ஊர் டாக்டரைவிடப் படித்தது. சூடம் அணைத்த கை எது என்று அதற்கு நினைவிருந்தது. மார்கழியில் சுடலை இறந்தபோது, பொய்ச் சத்தியம் பண்ணியவன் ஒன்றரை வருஷம் தாக்குப்பிடித்ததே அதிகம் என்று பேசிக்கொண்டார்கள்.

கருத்தம்மா வேறு கம்பெனியில் செக்கிங்குக்குச் சேர்ந்தார். வேலை விட்டு வரும்போது அவருடைய சோற்று வாளியை மட்டும் வாட்ச்மேன் திறந்து பார்த்தார். வரிசையாக ஒட்டிக் கட்டிய லைன் வீட்டின் மொட்டை மாடிக்கு அவர் ஏறினால், கீழிருந்து யாராவது மேலே வந்து கொடியில் கிடக்கும் துணியை எண்ணுவார்கள். எண்ணுவது தெரியாத மாதிரி எண்ணுவார்கள்.

கொட்டகையில் மட்டும் ஒரு சங்கடம் மிச்சமிருந்தது. சுடலை போன அடுத்த வியாழனும் தொள்ளாயிரத்து அறுபதுதான்.

புதிய கட்டிங் மாஸ்டர் வெள்ளையனை நான்கு மாதத்தில் மாற்றினார், அடுத்தவரையும் மாற்றினார். தராசை மாற்றினார். கட்டிங் அறைக்குப் பூட்டு போட்டுச் சாவியை அரைஞாணில் கட்டிக்கொண்டார். சுடலையின் சாவுச் செய்தி வந்த வாரத்திலிருந்து தையல்காரர்கள் காரணத்தைக் கண்டுபிடித்துவிட்டார்கள். தெற்கத்திக்காரரான வீரணன்தான் அதை வாய்விட்டுச் சொன்னார்.

"சுடலை அண்ணாச்சி வாராரு முதலாளி. மத்தியானம் நாங்க சாப்பிடப் போற நேரம் பாத்து வாராரு."

"நீ பாத்தியா?"

"பாக்கணுமா? எண்ணிப் பாருங்க."

கட்டிங் மேஜையின் ஓரத்தில் தினம் யாரோ சுடலைக்காக ஒரு பீடி வைத்தார்கள். சாப்பிட்டு வருவதற்குள் பீடி இருக்காது. அதற்குப் பேயைத் தவிர வேறு காரணங்களும் இருந்திருக்கலாம்.

அந்தப் பேயிடம் ஓர் ஒழுங்கு இருந்ததுதான் மகுடேஸ்வரனை அதிகம் கலக்கியது. ஐந்நூறு பனியனுக்குப் பாதி லாட் போட்டால் இருபது போனது. தீபாவளிக்கு மூவாயிரம் போட்டார்; நூற்றிருபது போனது. கோபமோ பேராசையோ இல்லை. வெறுப்பில் வருகிற ஒன்று இப்படி அளந்தா எடுக்கும்? தனக்குச் சேரவேண்டிய பங்கை எடுத்துப்போகிறவனைப் போலல்லவா எடுக்கிறது?

அவருடைய மனைவி மயிலாளுக்குப் பேய் நம்பிக்கை உண்டு. கணவர் பேச்சில் அவ்வளவு கிடையாது.

"ஏனுங்க, செத்தவனுக்கு வாரம் நாப்பது பனியன் எதுக்குங்க? அங்க என்ன, கடை போட்டிருக்கானா?"

"நீ வாயை மூடு. அது என்னென்னு உனக்குத் தெரியாது."

"உங்களுக்குந்தான் தெரியலீங்க."

கருப்பராயனுக்குக் கிடாய் வெட்டினார். ஒரு தடவை அல்ல, மூன்று தடவை. பிறகு மத்தியானங்களில் எல்லோரும் சாப்பிடப் போனபின் கட்டிங் மேஜைக்கு எதிரே நாற்காலி போட்டு உட்கார ஆரம்பித்தார். மெஷின்கள் நின்றுவிட்ட கொட்டகையில் தகரக் கூரை வெயிலுக்கு விரியும் சத்தம் கேட்கும். ஃபேனை அணைத்திருந்தும், அடுக்கிய துணியின் மேல்மடிப்பு மெல்ல எழுந்து படியும். சாக்பீஸ் வாசனை வரும். யாரும் வரவில்லை. யாரும் வராததைப் பார்த்துக்கொண்டு இரண்டு வருஷம் உட்கார்ந்திருந்தார். "தராசுல தூக்கி வச்சிருவோம்" என்கிற குரல் மட்டும் சில நாள், காதருகே அல்ல, மேஜைக்கு அந்தப் பக்கத்திலிருந்து, வேலைப் பேச்சாக, சாதாரணமாக வந்தது. மிரட்டலாக வந்திருந்தால் அவருக்கு ஓர் எலுமிச்சம்பழத்தோடு போயிருக்கும்.

2007 ஆனியில் அவர் சங்கம் சிறு முதலாளிகளுக்குக் கணக்குப் பயிற்சி வைத்தது. மூன்று ஞாயிற்றுக்கிழமை, காலையில், ஒரு தொடக்கப்பள்ளியில். மலரில் நிதி வல்லுநர்களாக அச்சான பதினொரு பேர் நான்காம் வகுப்பு பெஞ்சில் முழங்காலை மடக்கி உட்கார்ந்தார்கள். பாடம் நடத்த வந்த சகாயராஜ் ஓர் ஏற்றுமதிக் கம்பெனியில் விலைக் கணக்குப் போடுகிறவர், தூத்துக்குடிக்காரர். மரியாதையாகக் குத்துவதில் தேர்ந்தவர்.

முதல் ஞாயிறு வட்டி. கிட்டுசாமி என்கிற முதலாளி, தம்முடைய வேன் கடன் வருஷத்துக்கு ஒன்பதே சதவீதம்தான் என்று பெருமையாகச் சொன்னார். "அண்ணாச்சி, மாசாமாசம் அசலையும் சேத்துத்தானே கட்டுதீங்க? கட்டி முடிச்ச அசலுக்கும் சேத்து வட்டி வாங்குதான். போட்டுப் பாருங்க" என்றார் சகாயராஜ். போட்டுப் பார்த்ததில் பதினாறுக்கு மேல் வந்தது. கிட்டுசாமி அன்று சாப்பாட்டைத் தொடவில்லை.

இரண்டாம் ஞாயிறு கழிவு.

"நூறு கிலோ பனியன் வேணும். இருபது பர்சன்ட் கழிவு. எத்தனை கிலோ துணி எடுப்பீங்க?"

"நூத்தியிருபது" என்றது வகுப்பு, ஒரே குரலில்.

"நல்லது. நூத்தியிருபது கிலோ எடுத்தாச்சு. அதுல இருபது பர்சன்ட் எவ்வளவு?"

ஒருவர் செல்போனில் தட்டினார். "இருபத்தி நாலு."

"போக மிச்சம்?"

"தொண்ணூத்தியாறு."

"நாலு கிலோ எங்க அண்ணாச்சி? பூனை தூக்கிட்டுப் போயிட்டா?"

எல்லோரும் சிரித்தார்கள்.

"நூத்துக்கு இருபதுன்னீங்களே, எந்த நூத்துக்கு? கழிவு, நீங்க வாங்குன துணில போகுது. வேணும்னு மனசுல வச்சிருக்கீங்க பாருங்க, அந்த நூறுலயா போகும்? நூத்தி இருபத்தஞ்சு எடுங்க. இருபத்தஞ்சு போகும். நூறு நிக்கும்."

நான்கு கிலோ என்பது நாற்பது பனியன். மூன்றாவது பெஞ்சில் மகுடேஸ்வரன் சிரிக்கவில்லை. அவர் எழுந்தார். பெஞ்சும் கூடவே எழுந்தது, முழங்கால் சிக்கியிருந்தது.

"என்ன அண்ணாச்சி, சந்தேகமா?"

"இல்லீங்க" என்றார். "சந்தேகம் போயிருச்சுங்க."

கொட்டகைக்குப் போய் நான்கு வருஷத்து நோட்டுகளை எடுத்து வைத்து ஒவ்வொரு லாட்டாகப் போட்டுப் பார்த்தார். அரை லாட், முழு லாட், தீபாவளி லாட், எல்லாம் சொன்னபடி வந்தன. மறுவாரம் வெட்டில் விழுந்த துண்டையெல்லாம் மூட்டை கட்டித் தாமே தராசில் தூக்கி வைத்தார். சலவையில் குறைந்ததையும் சேர்த்து இருபத்து நான்கு கிலோ. அதற்கடுத்த வாரம் நூற்றிருபத்தைந்து கிலோ துணி எடுத்தார். வியாழக்கிழமை ஆயிரம் பனியன் இருந்தது.

கொட்டகையே கொண்டாடியது. பேய் போய்விட்டது என்றார்கள். மூன்றாவது கிடாயின் வேலை என்று பூசாரி சொல்லி, நான்காவதற்கு முன்பணம் கேட்டார். யாரும் எதையும் விசாரிக்கவில்லை. மகுடேஸ்வரன் சும்மா இருந்தால் போதும்; விஷயம் அவரோடு முடிந்துவிடும்.

நான்கு மாதம் சும்மா இருந்தார். பனியன் குறைந்த நாட்களில் வராத பயம் இப்போது வந்தது. வியாழக்கிழமை எண்ணுகிறவர் தொள்ளாயிரத்து அறுபதைத் தாண்டுவார். அறுபத்தொன்று, அறுபத்திரண்டு என்று ஒவ்வொரு பனியனும் வந்து விழும். நாற்பதும் வந்து சேரும். மேஜைக்கு அந்தப் பக்கத்திலிருந்து இப்போது குரல் எதுவும் வரவில்லை. சொல்ல வேண்டியதைச் சொல்லி முடித்தவனின் அமைதி அது. அந்த அமைதியின் முன்னால் அவரால் நாற்காலி போட்டு உட்கார முடியவில்லை.

ஐப்பசியில் ஒரு ஞாயிறு மத்தியானம் கருத்தம்மாவின் லைன் வீட்டுக்குப் போனார். சட்டைப்பையில் ஒரு கவர். அதில் நாற்பதாயிரம் ரூபாய். ஏன் நாற்பது என்று அவரையே கேட்டாலும் சொல்லத் தெரிந்திருக்காது.

கருத்தம்மா உட்காரச் சொல்லவில்லை. "என்ன முதலாளி, இன்னும் ஏதாவது காணலியா?"

"இல்லம்மா. இது... செலவுக்கு வெச்சுக்கோங்க."

"எந்தச் செலவுக்கு?"

அவர் நின்றபடியே சொன்னார். நூறு, நூற்றிருபது, இருபத்து நான்கு, தொண்ணூற்றாறு. பாதியில் குழம்பி, மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தார். கருத்தம்மா கடைசிவரை கேட்டார்.

"இதுக்கா ஸ்கூல்ல போயி உக்காந்தீக? அரிசிலயா உமி போகும்? நெல்லுலல்லா போகும். நூறு கிலோ அரிசிக்கு நெல்லு அவிக்கிற எந்தப் பொம்பளையக் கேட்டாலும் சொல்லியிருப்பாளே. நான் அங்கனதான மடிச்சிக்கிட்டு இருந்தேன். என்னைக் கேட்டீகளா?"

மகுடேஸ்வரனுக்குத் தென்னந்தோப்பு நினைவுக்கு வந்தது. காயிலிருந்து கொப்பரைக்குக் கண்ணாலேயே கணக்குப் போடுகிறவர் அவர். பனியனுக்குப் பென்சில் எடுத்த நாளில் தம் கண்ணை மறந்திருந்தார். கவரை நீட்டினார்.

"அதை உள்ள வைங்க. இப்பம் நீங்க பணம் குடுத்துட்டுப் போனா, பங்கு குடுத்துட்டுப் போறாருன்னுதான் இந்த லைன்ல சொல்லுவாக." கருத்தம்மாவின் குரல் உயரவில்லை. "அவுக எடுக்கலைன்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சவகிட்ட வந்து சொல்லுதீகளே. கோயில் வாசல்ல நின்னாகள்லா, அவுகளுக்குல்லா தெரியாது. பேப்பர் இருக்கா? எழுதிக்கிடுங்க."

நின்ற வரிசையிலேயே சொன்னார். சூடத்துக்கு இடதுபக்கம் யார், அவர் பக்கத்தில் யார், யார் கைக்குழந்தையோடு நின்றது, சிரித்தது யார். முப்பத்தொரு பெயர். நான்கு வருஷமாகத் தினமும் ஒருமுறை சொல்லிப் பார்த்தவர் மாதிரி ஒரு பெயரிலும் தடுமாறவில்லை. மகுடேஸ்வரன் கவரின் முதுகில் எழுதினார். முதல் பெயர் மயிலாள்.

வீட்டுக்குப் போய் மனைவியிடம் சொன்னார். மயிலாள் சோறு போட்டுக்கொண்டிருந்த கையை நிறுத்தினார். "அந்தப் புள்ளை எதிர்ல வந்தா மேல பட்டுராம நான் முந்தானையை இழுத்து வெச்சுக்குவனுங்க" என்று மட்டும் சொன்னார்.

கொட்டகை ஆட்கள் நான்கு வருஷத்தில் சிதறிப் போயிருந்தார்கள். தவசி உடுமலைப்பேட்டையில் காற்றாலைக்கு வாட்ச்மேனாக இருந்தார். இறக்கைச் சத்தத்தில் கணக்கை இரண்டு தடவை கத்திச் சொல்லவேண்டியிருந்தது. கணியூருக்குத் திரும்பிப் போயிருந்த பழனாயி, வயலில் நின்றபடி கேட்டார். "அன்னிக்கு அவன் கோயில் படி இறங்கறப்ப நான் காறித் துப்புனனுங்க. இப்ப அதை எங்க போயிப் பொறுக்கறதுங்க?" என்றார்.

வீரணனுக்குக் கணக்கு ஏறவே இல்லை.

"அதெல்லாம் கெடக்கட்டும் முதலாளி. அண்ணாச்சி எடுக்கலை, அதானே சொல்லுதீக?"

"எடுக்கலை."

"அப்பம் மத்தியானம் வந்தது யாரு?"

மகுடேஸ்வரன் பட்டியலில் வீரணன் பெயரை அடித்துவிட்டு எழுந்தார்.

விஷயம் பரவியதும் சதவீதம் தெரியாத ஆளுக்குக் கடனுக்குத் துணி கொடுப்பதைத் துணி வியாபாரி நிறுத்திக்கொண்டார். சங்கத்தில் சிலர் அவரைப் பார்த்ததும் "எந்த நூத்துக்குங்க?" என்று கேட்டார்கள். இதை ஊர் சுற்றிச் சொல்ல வேண்டுமா, கவரைக் கொடுத்து முடித்திருக்கலாமே என்று கிட்டுசாமி தனியே கூப்பிட்டுப் புத்தி சொன்னார். மகுடேஸ்வரன் கேட்டுக்கொண்டார். மறுநாள் அடுத்த பெயருக்குப் போனார்.

பட்டியலில் இருந்த முப்பத்தொரு பேரில் நான்கு பேர் இறந்திருந்தார்கள். இரண்டு பேர் எங்கே போனார்கள் என்று தெரியவில்லை. மீதி இருபத்தைந்து பேரையும் 2007 ஐப்பசியிலிருந்து 2008 ஆனிக்குள் மகுடேஸ்வரன் ஒவ்வொருவராகத் தேடிப் போய்ப் பார்த்து, சுடலை திருடவில்லை என்றும், தப்பாகக் கணக்குப் போட்டது தாம்தான் என்றும் சொன்னார்.